பட்டியல் திருந்தினால் படம் திருந்தும்

(ஒரு கூட்டுறவு ஆய்வாளர்)

நமது சங்கங்களில் இப்பொழுது ஒரு புதிய ஆர்வம் தோன்றியிருக்கிறது. அங்கத்தினர்களின் நிலங்களையும் தறிகளையும் வரைபடத்தில் குறித்து வைக்க வேண்டும் என்று நிர்வாகக் குழுக்கள் பலவும் விரும்புகின்றன. எந்தக் கிராமத்தில் எத்தனை ஏக்கர் வாழை, எந்தத் தெருவில் எத்தனை தறி, உரக் கிட்டங்கியை எங்கே அமைத்தால் அதிகம் பேருக்கு அலைச்சல் குறையும் என்பனவற்றை ஒரே பார்வையில் காட்டும் படம் மிகவும் பயனுடையது என்பதில் ஐயமில்லை. க்யூஜிஐஎஸ் போன்ற வரைபட மென்பொருள்கள் விலையின்றியே கிடைக்கின்றன. படித்த இளைஞர் ஒருவர் சில வாரங்களில் அதனைப் பழகிக்கொள்ளலாம்.

ஆகவே, படம் வரைவது இன்று பெரிய காரியமன்று. அந்தப் படத்துக்கு அடிப்படையாக விரிதாளில் கிடக்கும் பட்டியலே பெரிய காரியம். அதிலுள்ள பிழைகளைக் களைந்து, மென்பொருள் ஏற்கும் வண்ணம் திருத்துவது யாருடைய வேலை? கணினி இயக்குபவரின் வேலை என்று பலரும் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் தவறு என்பதும், அது அங்கத்தினர் அனைவரும் கூடிச் செய்ய வேண்டிய சங்கப்பணி என்பதும் என் கருத்து. அதற்கான காரணங்களை அங்கத்தினர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

ஆளை அறிந்த பதிவேடும் ஆளை அறியாத கணினியும்

1904-ஆம் ஆண்டில் திரூரில் தமிழகத்தின் முதல் கூட்டுறவுச் சங்கம் பதிவானபோது, அங்கத்தினர் பட்டியல் என்பது ஒரு பதிவேடு. அதை எழுதியவருக்கு ஊரில் எல்லோரையும் தெரியும். எழுத்தில் ஒரு பிழை நேர்ந்தாலும் ஆள் மாறுவதற்கு இடமில்லை. இன்று நிலைமை வேறு. 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினி மயமாக்க 2,516 கோடி ரூபாய் மதிப்பிலான திட்டத்துக்கு மத்திய அரசு 2022 ஜூன் மாதத்தில் ஒப்புதல் வழங்கியது. 2024 மார்ச்சில் தேசியக் கூட்டுறவுத் தரவுத்தளம் தொடங்கி வைக்கப்பெற்றது. 2025-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டு உழவர்களுக்குத் தனித்துவ அடையாள எண் வழங்கும் பணியும் நடைபெற்று வருகிறது. நம் ஊர்ப் பட்டியல் இனி நம் ஊரோடு நிற்பதில்லை. நம்மைக் கண்ணால் கண்டிராதவர்கள் அதனைக் கொண்டு முடிவு செய்வார்கள். கணினிக்கு ஆளைத் தெரியாது. எழுத்தை மட்டுமே தெரியும்.

ஓர் ஊரின் பெயர்

உத்தமபாளையம் வட்டத்தில், போடி மேற்கு மலையடிவாரத்தில் உள்ள பொட்டிப்புரத்தையே எடுத்துக்கொள்வோம். இவ்வூரின் பெயரைச் சிலர் 'பொட்டிப்புரம்' என்றும், சிலர் 'ப்' இல்லாமல் 'பொட்டிபுரம்' என்றும் எழுதுகின்றனர். நமக்கு இரண்டும் ஓர் ஊர். மென்பொருளுக்கு இரண்டு ஊர்கள். இது கண்ணுக்குத் தெரியும் பிழையாதலால் திருத்துவது எளிது.

கண்ணுக்குத் தெரியாத பிழையும் உண்டு. யூனிகோட் முறையில் 'பொ' என்னும் எழுத்தை இரு வழிகளில் உள்ளிடலாம். ஒகரக் குறியை ஒரே குறியாக இடுவது ஒரு வழி. ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே இடுவது மற்றொரு வழி. திரையில் இரண்டும் அச்சாக ஒன்றுபோலவே தோன்றும். ஆனால், வரைபடத்தில் உள்ள ஊரோடு பட்டியலில் உள்ள ஊரைப் பொருத்தும்போது இயந்திரம் 'பொருந்தவில்லை' என்று கூறிவிடும். பெயருக்குப் பின்னால் தவறி விழுந்த ஓர் இடைவெளியும் இதே கேட்டைச் செய்யும். பழைய பட்டியல்கள் வானவில் முதலிய எழுத்துருக்களில் தட்டச்சானவை. அவற்றை வரைபட மென்பொருளில் திறந்தால் ஊர்ப்பெயர்கள் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகக் காட்சி தரும்.

ஊர்ப்பெயரைக் கொண்டே இடத்தைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதியை நம்புவோர் இன்னும் விழிப்பாக இருத்தல் வேண்டும். பொட்டிப்புரத்தை அடுத்துப் புதுக்கோட்டை என்றொரு சிற்றூர் உள்ளது. அப்பெயரை மட்டும் எழுதிக் கணினியிடம் கொடுத்தால், நம் அங்கத்தினரைத் தூக்கிக்கொண்டுபோய்ப் புதுக்கோட்டை மாவட்டத்தில் வைத்துவிடும். ஆங்கிலத்தில் கம்பம் என்று எழுதினால், அதே எழுத்துகளையுடைய கம்பம் ஒன்று ஆந்திர மாநிலத்திலும் உண்டு. தேவாரத்தைத் தேடினால் பதிகங்கள் வருமேயொழிய ஊர் வருவது நிச்சயமில்லை! தேனி மாவட்டம் 1996-இல் மதுரையிலிருந்து பிரிந்ததாகும். அதற்கு முற்பட்ட பதிவுகளில் நாம் எல்லோரும் மதுரை மாவட்டத்தாரே. இவற்றிற்கெல்லாம் மருந்து, பெயரோடு அரசு வழங்கியுள்ள கிராமக் குறியீட்டு எண்ணையும் ஒவ்வொரு வரிசையிலும் சேர்த்து எழுதுவதே.

புல எண் தேதியான கதை

இனி எண்களைப் பார்ப்போம். 4/1 என்பது ஒரு புல எண்ணும் அதன் உட்பிரிவும் என்று வைத்துக்கொள்வோம். இதை விரிதாளில் தட்டினால், எக்செல் அதைத் தேதி என்று கருதி, கணினியின் அமைப்புக்கு ஏற்ப, ஜனவரி 4 என்றோ ஏப்ரல் 1 என்றோ மாற்றிவிடும். பிழையைக் கண்டு, கலத்தின் வடிவத்தை மீண்டும் எண்ணாக மாற்றினாலும் 4/1 திரும்பி வருவதில்லை. 2026-ஆம் ஆண்டின் ஜனவரி 4 என்று அது கொண்டிருந்தால் 46026 என்னும் எண் தோன்றும். தேதிகளை அது உள்ளே நாள் கணக்காகவே வைத்திருப்பதே காரணம். 40/2 போன்ற எண்கள் தேதியாக இயலாதாகையால் பெரும்பாலும் தப்பிவிடும். ஆகவே பட்டியலின் ஒரு பகுதி சரியாகவும் மற்றொரு பகுதி கெட்டும் கிடக்கும். மேலோட்டமாகப் பார்ப்பவர் எல்லாம் சரி என்றே எண்ணுவார்.

இது நம் ஊர்க் குமாஸ்தாக்களுக்கு மட்டும் நேர்ந்த குற்றமன்று. உலகத்து உயிரியல் அறிஞர்கள் மரபணுக்களுக்கு இட்டிருந்த சுருக்கப் பெயர்கள் மார்ச், செப்டம்பர் மாதத் தேதிகளாக மாறி ஆய்வுக் கட்டுரைகளிலேயே அச்சாயின. எக்செல் பட்டியல்களை இணைத்திருந்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இப்பிழை உள்ளது என்று 2016-இல் ஓர் ஆய்வு கண்டது. இறுதியில், 2020-ஆம் ஆண்டில் அம்மரபணுக்களின் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று. அவர்கள் பெயரை மாற்றிக்கொண்டார்கள். நாம் புல எண்ணை மாற்ற முடியுமா? தட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தியை 'எழுத்து' வகை என்று குறித்துவிடுவதே நமக்குள்ள வழி.

மின் இணைப்பு எண்ணின் முன்னுள்ள சுழியம் காணாமற்போவதும் இவ்வகையைச் சேர்ந்ததே. வங்கிக் கணக்கு எண் 15 இலக்கங்களுக்கு மேற்பட்டிருந்தால், எஞ்சிய இலக்கங்கள் சுழியமாகிவிடும். பரப்பளவுப் பத்தியில் நிகழும் குழப்பமோ சொல்லி முடியாது. 1 ஏக்கர் 5 சென்ட் என்பதை 1.5 என்று எழுதினால், கணினி அதை 1 ஏக்கர் 50 சென்ட் என்றே கொள்ளும்; 45 சென்ட் நிலம் வானத்திலிருந்து குதித்துவிடும். பட்டாவில் ஹெக்டேர் கணக்கில் உள்ள 1.20-ஐ ஏக்கர் என்று எழுதினாலோ, ஏறக்குறைய 2 ஏக்கர் 96 சென்ட் நிலத்துக்குரியவர் 1 ஏக்கர் 20 சென்ட்டுக்காரராகச் சுருங்கிவிடுவார். பட்டியலின் அடியில் 'மொத்தம்' என்று எழுதிய வரிசையை நீக்க மறந்தால், மொத்தம் என்னும் பெயருடைய ஒருவர் சங்கத்தின் மிகப்பெரிய நிலச்சுவான்தாராகப் படத்தில் வீற்றிருப்பார். நானே அவரைப் பலமுறை சந்தித்திருக்கிறேன்.

புள்ளி விழும் இடம்

கைபேசியைக் கொண்டு அட்சரேகை, தீர்க்கரேகை எடுப்பதிலும் இவ்வாறே. பொட்டிப்புரம் ஏறத்தாழ வடக்கு 9 டிகிரி 57 நிமிடத்தில் உள்ளது. ஒரு டிகிரிக்கு 60 நிமிடமாதலால் இதைத் தசம எண்ணில் 9.95 என்று எழுத வேண்டும். 9.57 என்று எழுதிவிட்டால், புள்ளி 40 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே நகர்ந்து, கூடலூரையும் தாண்டி மலைக்காட்டுக்குள் விழும். இரு எண்களையும் இடம் மாற்றி எழுதினால் நம் உழவர் வடதுருவத்தை அடுத்த பனிக்கடலில் பயிர் செய்பவராவார். தெரியாத இடத்தில் இரண்டு சுழியம் இட்டால் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினியா வளைகுடாவில் மூழ்குவார்.

நெசவாளர் பகுதியில் வேறு விதமான தொல்லை உண்டு. கணக்கெடுப்பவர் வீடு வீடாகச் செல்லாமல், சங்கக் கட்டடத்தில் அமர்ந்தபடியே ஒவ்வொருவரையும் அழைத்துப் பதிவு செய்தால், அத்தனை தறிகளும் அந்த ஒரு கட்டடத்தின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பெறும். படத்தில் தெரிவது ஒரே ஒரு புள்ளி. மற்றொருபுறம், ஒரே வீட்டில் மாமனார் ஒரு தறியும் மருமகள் ஒரு தறியும் நெய்வது ஆண்டிபட்டிப் பக்கத்துச் சக்கம்பட்டியிலும் டி. சுப்புலாபுரத்திலும் அதிசயமன்று. அங்கே இரு தறிகளும் ஒரே புள்ளியில் விழுவதுதான் முறை. முன்னது பிழை, பின்னது உண்மை. எண்களை மட்டும் பார்க்கும் ஒருவரால் இவ்விரண்டையும் வேறுபடுத்த இயலுமா? தெருவைத் தெரிந்தவரால்தான் இயலும்.

புள்ளி விழும் இடத்தின் அருமையைப் பொட்டிப்புரத்தாருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. அவ்வூர் மலையில் அமைக்கத் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகத்தின் சுற்றுச்சூழல் அனுமதியை 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நிறுத்தி வைத்தது. கேரளத்தின் மதிகெட்டான்சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டர் தொலைவுக்குள் இருப்பது அத்தீர்ப்பில் முதன்மை பெற்றது. வழக்கு அதன்பின் பல படிகள் ஏறிற்று. அத்திட்டத்தின் நன்மை தீமை இங்கு நமது பேச்சன்று. வரைபடத்தில் ஒரு தூரம் எத்தனை பெரிய முடிவுகளைச் செய்யவல்லது என்பதே நாம் அறிய வேண்டியது.

நான் செய்த பிழை

பிறர் பிழைகளையே பேசிக்கொண்டிருப்பது முறையன்று. நான் பணியில் சேர்ந்த புதிதில், பள்ளத்தாக்கிலுள்ள ஒரு சங்கத்தின் பட்டியலைச் 'சுத்தம்' செய்தேன். ஒரே பெயர், ஒரே முன்னெழுத்து, ஒரே ஊர், 11 என்னும் ஒரே புல எண் ஆகியவற்றோடு இரண்டு வரிசைகள் இருந்தன. ஒருவரையே இருமுறை எழுதிவிட்டார்கள் என்று தீர்மானித்து, ஒன்றை நீக்கினேன். கணினியில் அதற்கு ஒரு விசை போதும்.

சில மாதங்களுக்குப்பின் பருவம் தப்பிய மழையில் பயிர் சேதமுற்றது. சங்கம் தன் அங்கத்தினர்களுக்காகத் தயாரித்த சேதப் பட்டியல், நான் சுத்தம் செய்த பட்டியலைப் பார்த்தே எழுதப்பெற்றது. ஒரு நாள் அறுபது வயதுக்கு மேற்பட்ட அம்மையார் ஒருவர், மடித்து மடித்து நைந்துபோன பங்குத்தொகை ரசீதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். "அய்யா, எங்க நெலம் அங்கனதான் கெடக்கு. என் பேரு மட்டும் எங்க போச்சு?" என்று கேட்டார்.

விசாரித்தபோது உண்மை வெளிப்பட்டது. அவரும் அவருடைய சித்தப்பா மகளும் பாட்டியின் பெயரைத் தாங்கியவர்கள். தந்தையர் இருவர் பெயரும் 'மு' என்னும் எழுத்தில் தொடங்குவன. நிலம் பாகப்பிரிவினையில் 11/2 என்றும் 11/3 என்றும் பிரிந்தது. இந்த உட்பிரிவுகள் விரிதாளில் பிப்ரவரி, மார்ச் மாதத் தேதிகளாக மாறியிருக்கின்றன. அதைக் கண்டு சலிப்புற்ற யாரோ ஒருவர் உட்பிரிவை அழித்துவிட்டு 11 என்று மட்டும் தட்டியிருக்கிறார். அந்தச் சிறு சோம்பலின் மேல் என்னுடைய அவசரம் ஏறி அமர்ந்தது. பழைய பதிவேட்டைக் கொண்டு அவர் பெயரைத் துணைப் பட்டியலில் சேர்ப்பதற்கு மூன்று மாதம் ஆயிற்று. அந்த மூன்று மாதமும் விதைக்கும் உரத்திற்கும் அவர் வெளியில் வட்டிக்கு வாங்கினார். வட்டிக் கடையிலிருந்து உழவரை மீட்பதற்காகத் தோன்றியதே கூட்டுறவு இயக்கம். அதன் ஆய்வாளனாகிய நான் ஒருவரை அங்கே அனுப்பிவைத்தேன்.

அந்த ஊர்ச் சாவடியில் பட்டியலை ஒருமுறை உரக்கப் படித்திருந்தால், அந்த இரண்டு பெயர்களையும் கேட்டவுடன் பத்துப்பேர் "அது வேறு, இது வேறு" என்று சொல்லியிருப்பார்கள். எனக்குத் தெரியாதது ஊருக்குத் தெரிந்திருந்தது. நான்தான் ஊரைக் கேட்கவில்லை.

என்ன செய்ய வேண்டும்?

என் அனுபவத்திலிருந்து சில முறைகளைச் சங்கங்களுக்குப் பரிந்துரைக்கிறேன். முதலாவது, மூலப் பட்டியலை ஒருவரும் தொடலாகாது; படி எடுத்து அந்தப் படியில் மட்டுமே திருத்த வேண்டும். இரண்டாவது, புல எண்ணுக்கு ஒரு பத்தி, உட்பிரிவுக்கு ஒரு பத்தி என்று பிரித்து, இரண்டையும் எழுத்து வகையாகக் குறிக்க வேண்டும். உட்பிரிவில் வரும் 1A-வை ஒருவர் ஆங்கிலத்திலும் மற்றொருவர் 1ஏ என்று தமிழிலும் எழுதாமல், பட்டாவில் உள்ளபடியே எழுத வேண்டும். மூன்றாவது, ஒரு வரிசைக்கு ஒரு நிலம் அல்லது ஒரு தறி. மூன்று துண்டு நிலம் உடையவருக்கு மூன்று வரிசைகள், மூன்றிலும் அவருடைய அங்கத்தினர் எண். நான்காவது, தெரியாததைக் காலியாக விடுக. சுழியம் என்பது 'இல்லை' எனப் பொருள்படும், 'தெரியவில்லை' எனப் பொருள்படாது.

ஐந்தாவது, திருத்தக் குறிப்பேடு ஒன்று வேண்டும். முன்பு என்ன இருந்தது, இப்பொழுது என்ன ஆயிற்று, எந்தச் சான்றைப் பார்த்து, எந்தத் தேதியில், யார் மாற்றினார் என்பதை அதில் எழுதுக. ரொக்கப் புத்தகத்தில் ஒரு ரூபாயை அடித்துத் திருத்தினால் சுருக்கொப்பம் கேட்கும் நாம், ஓர் அங்கத்தினரை அடித்துவிடும்போது ஒன்றும் கேட்காதிருக்கலாமா? ஆறாவது, தொடங்கும்போது எத்தனை பெயர், முடிக்கும்போது எத்தனை பெயர் என்று எண்ணி, வேறுபாட்டுக்குப் பெயர் பெயராகக் கணக்குக் காட்டுக. ஏழாவதாக, எல்லாவற்றிலும் முக்கியமானது, திருத்திய பட்டியலை ஊர்தோறும் உரக்கப் படித்து, பதினைந்து நாள் சங்க அறிவிப்புப் பலகையில் வைத்த பின்னரே படத்துக்கு அனுப்புக.

இதற்கு நேரமில்லை என்று சில செயலாளர்கள் கூறுவர். 1,200 அங்கத்தினர் உள்ள சங்கத்தில் இருபது பேர் முன்வந்தால் ஆளுக்கு அறுபது பெயர். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடியும் வேலை. ஒத்த பெயர்களைத் தாமே கண்டுபிடிக்கும் ஓபன்ரிஃபைன் போன்ற மென்பொருள்கள் உள்ளனவே என்று இளைஞர்கள் கூறுவர். அவற்றைத் தாராளமாகப் பயன்படுத்துக. ஐயத்துக்குரியவற்றைச் சுட்டிக்காட்டுவதில் அவை நல்ல துணை. ஆனால், சுட்டிக்காட்டுவது இயந்திரமாகவும் தீர்மானிப்பது ஊராகவும் இருக்கட்டும்.

அங்கத்தினரின் அந்தரங்கம் வெளியாகுமே என்னும் அச்சம் நியாயமானது. படிக்க வேண்டியவை பெயர், அங்கத்தினர் எண், ஊர், புல எண், பரப்பு, பயிர் அல்லது தறி ஆகியவை மட்டுமே. கடன் பாக்கி, ஆதார் எண், தொலைபேசி எண் ஆகியன பலகையிலும் வேண்டா, படத்திலும் வேண்டா. மின்னணுவடிவத் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென 2023-இல் சட்டமே இயற்றப்பெற்றுள்ளது.

அடிக்கோடு

1802-ஆம் ஆண்டில் லாம்ப்டன் என்பவர் இந்திய நாட்டை அளக்கத் தொடங்கியபோது, முதலில் சென்னைப் பரங்கிமலைப் பக்கத்தில் ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை எஃகுச் சங்கிலியால் மிகுந்த நிதானத்துடன் அளந்தார். அதன்மேல் எழும் முக்கோணங்கள் அனைத்தும் அந்த ஒரு கோட்டை நம்பி நிற்பவை. அங்கே ஓர் அடி பிசகினால் தொலைவு செல்லச் செல்லப் பிசகு பெருகும் என்பதை அவர் அறிவார். நம் சங்கத்து வரைபடத்துக்கு அடிக்கோடு அங்கத்தினர் பட்டியலே. அதில் பிசகை வைத்துக்கொண்டு எத்தனை வண்ணங்களில் படம் வரைந்தாலும், அந்தப் படம் பொய்யை அழகாகச் சொல்லுமேயன்றி வேறில்லை.

ஆகவே அங்கத்தினர்களே! அடுத்த முறை சங்கத்துக்கு உரம் வாங்கவோ பாவு வாங்கவோ செல்லும்போது, பட்டாவையும் பங்கு ரசீதையும் உடன் கொண்டு செல்லுங்கள். "என் வரிசையைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். பெயரையும் உட்பிரிவையும் பரப்பையும் நீங்களே படித்துப் பாருங்கள். படிக்க இயலாத அண்டை வீட்டாருக்கும் படித்துச் சொல்லுங்கள். வரிசை ஒவ்வொன்றும் ஒரு குடும்பம் என்னும் நினைவோடு செயலாளர்களும் ஆய்வாளர்களும் அதனைத் தொடுவோமாக. அந்த அம்மையார் என்னைக் கேட்ட கேள்வியை இனி எந்தச் சங்கத்திலும் எவரும் கேட்கும்படி நேரலாகாது.